வத்தலக்குண்டு ஷெட்டில் ஒரு முட்டுக்கட்டை

மலைப்பாதையில் பஸ் நின்றால் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகுவார்கள். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கின வேலமரத்துக் கட்டை. தூக்கிக்கொண்டு ஓட ஒரு கயிற்று வளையம் மாட்டியிருக்கும். அதற்குப் பெயர் முட்டுக்கட்டை. எந்தக் காரியத்தையும் நடக்கவிடாமல் குறுக்கே விழுகிற மனுசனுக்கும் எங்கள் பக்கத்தில் அதே பெயர்தான். கையில் கட்டையைப் பிடிப்பதற்கு முன்னாலேயே எனக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது.

பிறந்தது பழனி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டில் வசதி இல்லாமல் நின்றதாகச் சொன்னால் கௌரவமாக இருக்கும். அப்படி இல்லை. பரீட்சையில் முதல் கேள்விக்கு எழுதின பதிலையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பேன். சரியாகத்தான் எழுதினோமா, கேள்வியையே தப்பாகப் புரிந்துகொண்டோமா என்று குடையும். இரண்டாவது கேள்விக்குப் போவதற்குள் மணி அடித்துவிடும். வாத்தியார் தாளை உருவும்போதும் என் கண் முதல் பதிலில்தான் இருக்கும். அடிவாரத்தில் பூமாலை கட்டி விற்றுக்கொண்டிருந்த என் அப்பா, இரண்டாம் தடவையும் நான் தேறாமல் வந்தபோது, வாழைநாரைப் பல்லில் கடித்தபடியே, "சரி, போதும்" என்றார். அதோடு முடிந்தது.

பிறகு பஞ்சாமிர்தக் கடையில் மலைவாழைப்பழம் உரிக்கிற வேலை. உரிப்பதில் குறை ஒன்றும் இல்லை. டப்பாவை மூடினபிறகுதான் சிக்கல். உள்ளே ஈ விழுந்திருக்குமோ என்று தோன்றும். திறந்து பார்ப்பேன். மூடுவேன். திறந்தபோது விழுந்திருக்குமோ என்று தோன்றும். கடைக்காரர் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தார். "ஏலே, நீ தெறந்து தெறந்து பாக்குறதுலதான்லே ஈ விழப்போகுது" என்று அனுப்பிவிட்டார்.

யாத்திரிகர்கள் தங்குகிற சத்திரம் ஒன்றில் சேர்ந்தேன். அறைக்கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, "உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கீங்களா?" என்று கேட்பேன். மலையேறி இறங்கி அசந்து கிடக்கிறவர்கள் எழுந்து வந்து, தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்து, "போட்டிருந்தேன்" என்பார்கள். அங்கே வேலை பார்த்தபோதுதான் கலியாணம் ஆனது. பெண்ணுக்கு ஊர் கன்னிவாடி. மாப்பிள்ளை ரொம்பப் பொறுப்பான ஆள், ஒரு பூட்டை மூன்று தடவை பார்க்கிறார் என்று பெண் வீட்டில் பெருமையாகப் பேசிக்கொண்டார்களாம். கலியாணம் முடிந்து கொஞ்சநாளில் சத்திரத்திலிருந்தும் நிறுத்திவிட்டார்கள்.

கொடைக்கானல் பஜாரில் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்கிற ஒரு பாய் கடையில் அடுத்து நின்றேன். நல்ல மனுசர். சாயங்காலம் கடையைப் பூட்டிச் சாவியை என்னிடம் தருவார். நான் ஏரிக்கரை வரைக்கும் நடந்துவிட்டு, பூட்டு விழுந்ததா என்று பார்க்க மறுபடி மேடேறுவேன். பார்த்துவிட்டு இறங்கினால் பாதி வழியில் மறுபடியும் சந்தேகம். மழையில் இப்படி ஏறி இறங்கி எனக்குக் காய்ச்சல் கண்டது. "பூட்டு இறுகித்தான் கெடக்கு தம்பி, ஒம் மனசுதான் பூட்ட மாட்டேங்குது" என்றார் பாய். ஒரு பழைய ஸ்வெட்டரைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். கோபமாக அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அப்போது என் மனைவி பிரசவத்துக்குப் போயிருந்தாள். பெண்குழந்தை. பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில் மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். "மாப்ளே, கோவிச்சுக்கிடாதீங்க. ஒங்களை ஒரு கொறையும் சொல்லல. ஆனா பச்சப்புள்ளையத் தூக்கிட்டு இவ எங்கேன்னு வருவா? ஒரு வேலையில அடுத்த ஆடி வரைக்கும் நெலைச்சு நில்லுங்க. தாயையும் பிள்ளையையும் நானே கொண்டாந்து விடுறேன். இல்லேன்னா ரெண்டு பேரும் இங்கனயே இருக்கட்டும்." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

மனைவியின் அண்ணன், என் மச்சான், பஸ் டிரைவர். பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம், கன்னிவாடி, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய்த் திரும்புகிற வண்டி. தங்கச்சிக்காக, வத்தலக்குண்டில் ஷெட் போட்டிருந்த பஸ் முதலாளியிடம் பேசி என்னைத் தன் வண்டியிலேயே கிளீனராகச் சேர்த்துவிட்டார். நயா பைசா புதிதாக வந்து கண்டக்டர்கள் எல்லாம் குழம்பிக்கொண்டிருந்த சமயம். கிளீனர் வேலைக்கு வருகிறவனுக்கு மீசை அரும்பியிருந்தால் அதிகம். நானோ ஒரு பிள்ளைக்குத் தகப்பன்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கன்னிவாடி வீட்டில் நான் மாப்பிள்ளை. முதல் இலை எனக்கு. மச்சான் எனக்குச் சொம்பில் தண்ணீர் எடுத்துத் தரவேண்டும், "வாங்க மாப்ளே" என்று எழுந்து நிற்கவேண்டும். வண்டியில் நான் கிளீனர். அவர் ஓட்டலில் சாப்பிட்டு முடித்தபிறகு நான் நின்றுகொண்டே சாப்பிடவேண்டும். அங்கே "ஏலே". எந்த இடத்தில் எந்தப் பெயர் என்று அவருக்குத் துளியும் தடுமாற்றம் வந்ததில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது.

கிளீனருடைய முக்கியமான வேலை கட்டை போடுவது. அந்தக் கால வண்டி கொண்டைஊசி வளைவில் ஒரே வெட்டில் திரும்பாது. பின்னால் எடுத்து மறுபடி முன்னால் விடவேண்டும். அந்த நேரத்தில் கிளீனர் குதித்து ஓடி, கண்டக்டர் விசில் அடித்ததும் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுக்கவேண்டும். மற்ற கிளீனர்கள் விசிலுக்குக் காத்திருப்பார்கள். எனக்கு விசில் தேவைப்படவில்லை. வண்டி எங்கே நின்றாலும் கட்டை போட்டேன். பெருமாள்மலையில் டீ குடிக்க நின்றால் போட்டேன். ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை ஏற்ற நின்றால் போட்டேன். கன்னிவாடியில் போட்டேன்.

"ஏலே, இது கன்னிவாடிலே! இங்கன வண்டியைப் பத்துப் பேர் தள்ளினாக்கூட நகராது. எடுலே அந்த முட்டுக்கட்டைய" என்று மச்சான் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்துவார். பஸ்ஸே சிரிக்கும். உள்ளேயிருந்து ஒருவன், "ரெண்டு முட்டுக்கட்டை கெடக்கு டிரைவரே, எதை எடுக்கச் சொல்றீங்க?" என்பான். சில நாள் ரோட்டோரம் புளியமரத்துக்குக் கீழே என் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். பார்க்க முடிகிற நேரம் அவ்வளவுதான். அதிலும் பாதி நேரம் நான் சக்கரத்துக்கு அடியில் குனிந்திருப்பேன்.

இப்படியே மழைக்காலம் போய்ப் பனிக்காலம் போய்க் கோடை சீசனும் வந்துவிட்டது. ஆடி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. வேலை போகாமல் இருக்கவேண்டுமே என்ற கவலை, வண்டி உருளாமல் இருக்கவேண்டுமே என்ற கவலையோடு சேர்ந்துகொண்டது. சோறு இறங்காமல் மெலிந்துபோனேன்.

ஒருநாள் மத்தியானம் கொடைக்கானலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மழை தூறியது. ஜன்னல் படுதாவையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். வத்தலக்குண்டில் இறங்கிக் கொடை ரோட்டுக்கு ரயில் பிடிக்கப் போகிற சீசன் ஆட்கள் முன்சீட்டுகளில். பெருமாள்மலை தாண்டிக் கொஞ்சதூரம் வந்ததும் எனக்கு ஒரு வாடை அடித்தது. பிரேக் லைனிங் கருகினால் ஒரு நெடி வரும், மயிர் கருகுகிற மாதிரி. அதே நெடி. பின்படியில் நின்றுகொண்டிருந்த நான் இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தேன்.

சொல்லலாமா, வேண்டாமா? சொல்லி ஒன்றும் இல்லையென்று ஆனால் வேலை போய்விடும். மனைவியும் பிள்ளையும் கன்னிவாடியோடு நின்றுவிடுவார்கள். சொல்லாமல் இருந்தால்? பக்கவாட்டில் எட்டிப்பார்த்தேன். வெள்ளையாக மூடின மஞ்சுக்குள்ளே பள்ளம் தெரியவில்லை. தெரியாததுதான் என்னை உலுக்கியது. வண்டியின் பக்கத் தகரத்தில் பலமாகத் தட்டி, "மச்சான், நிறுத்துங்க! பிரேக் எரியுது!" என்று அலறிவிட்டேன். வண்டியில் அவரை மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வண்டி நின்றது. குதித்து ஓடி முன்சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்தேன். "எரியுது" என்ற சொல் போதும். பெட்டி, கூடை, குழந்தைகளோடு அவ்வளவு ஜனமும் மழையில் இறங்கிவிட்டது. ஒரு அம்மாள் முருகா முருகா என்று அழுதாள். மச்சான் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். சாதாரணமாக இறக்கத்தில் இருக்கிற சூடுதான். நெடி அங்கே இல்லை. வண்டிக்குள்ளேதான் இருந்தது.

கண்டக்டர் உள்ளே போய்த் தேடினார். கடைசி சீட்டில் ஒரு பெரியவர் மட்டும் இறங்காமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து நழுவின திண்டுக்கல் சுருட்டு, கம்பளியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டுப் புகைந்துகொண்டிருந்தது. எழுப்பினதும் அவர் கம்பளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "எந்தப் பய என் கம்பளியக் கொளுத்தினது?" என்றார்.

கொஞ்சப் பேர் சிரித்தார்கள். ரயிலுக்குப் போகிறவர்கள் சிரிக்கவில்லை. நனைந்த பெட்டிகளை மறுபடி ஏற்றிக் கட்டி வண்டி கிளம்ப நேரமாகிவிட்டது. ரயில் தவறியது. வத்தலக்குண்டில் முதலாளியிடமே போய்ச் சத்தம் போட்டார்கள். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு வெள்ளனே ஷெட்டுக்கு வரச்சொல்லு" என்று மச்சானிடம் சொன்னார். மச்சான் வண்டியில் ஏறும்போது, "துணிமூட்டையக் கட்டி வச்சுக்க" என்றார். மாப்ளேயும் இல்லை, ஏலேயும் இல்லை.

கன்னிவாடியில் புளியமரத்தடியில் அவள் நின்றிருந்தாள். மச்சான் சீட்டில் இருந்தபடியே, "ஒம் புருசன் இன்னைக்குக் கம்பளிக்குப் பிரேக் புடிச்சுட்டான்த்தா" என்று கத்திச் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. நான் பக்கத்தில் போய் நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு வேலை இருக்காது என்றும் சொன்னேன்.

அவள் கேட்டாள்: "பிரேக்கு சரியாத்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப நல்லதுதானே. அதுக்கு எதுக்கு இம்புட்டு ஏச்சு?"

பதில் சொல்வதற்குள் விசில் அடித்துவிட்டது. கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் இருட்டோடு மச்சான் வண்டியிலேயே பழனியிலிருந்து கிளம்பி, விடிந்தும் விடியாததுமாய் வத்தலக்குண்டு வந்து ஷெட்டுக்குள் போனேன். முதலாளி ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் அத்தா என்று சொல்கிற தகப்பனார் ஆரம்பித்த கம்பெனி அது. தாடி நரைத்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, எப்போதும் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தவர் மாதிரி இருப்பார். மச்சானும் கூட நின்றார்.

"வண்டிய நிப்பாட்டினியாமே?"

"ஆமாங்க."

"பிரேக் எரியுதுன்னியாமே?"

"ஆமாங்க. எரியலைங்க."

அவர் டயரிலிருந்து எழுந்தார். ஷெட்டில் நின்ற இன்னொரு வண்டியைக் கைகாட்டி, "அதுல பிரேக் எப்படி இருக்கு?" என்றார்.

"பஸ்ட் கிளாஸ் மொதலாளி" என்றார் மச்சான்.

"ஒன்னையக் கேக்கல. நீ சொல்லுப்பா."

அந்த வண்டியைப் பார்த்தேன். வெளியே நின்று பார்த்தால் என்ன தெரியும்? "தெரியலைங்க" என்றேன்.

"தெரியலைன்னா?"

"கழட்டிப் பாத்தாத்தாங்க தெரியும். பாத்தாலும் மலையிறங்கி வர்ற வரைக்கும் முழுசாத் தெரியாதுங்க."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி அவர் பக்கம் திரும்பி, "இதைத்தான்ப்பா நான் இம்புட்டு வருசமா யார் வாயிலயாவது கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "தெனம் காலையில வந்து கேக்குறேன். எல்லாப் பயலும் பஸ்ட் கிளாஸ்ங்கிறான். எவனும் குனிஞ்சு பாக்குறதில்ல. வண்டி எறங்கி வர்ற வரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நான் ஒருத்தன் உக்காந்திருக்கேன்." பிறகு என்னிடம், "எனக்கு வயசாச்சு. இனிமே நீயும் என்கூடச் சேந்து கவலைப்படு. நீ பாத்துப் போலாம்னு சொன்னாத்தான் வண்டி ஷெட்டை விட்டுக் கெளம்பணும்" என்றார்.

"எனக்கு இந்தச் சோலி தெரியாதுங்களே."

"சோலி தெரிஞ்ச மிஸ்திரி இருக்கான். பயம் தெரிஞ்சவன்தான் இல்ல. போ."

இதைக் கேட்டு நான் சந்தோசப்பட்டதாக ஞாபகம் இல்லை. வேலை போகவில்லை என்றுகூட உடனே உறைக்கவில்லை. ஒரு வண்டிக் கவலை போய் எல்லா வண்டிக் கவலையும் தலையில் ஏறிவிட்டதே என்றுதான் இருந்தது.

மிஸ்திரி என்னைவிடச் சின்னப்பையன். என்னைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. அவன் முடுக்கின நட்டை நான் மறுபடி முடுக்கிப் பார்த்தால் ஸ்பானரை வீசிவிட்டுப் போய்விடுவான். டிரைவர்கள் அதற்கு மேல். கிளம்புகிற நேரத்தில் நான் வண்டிக்கு அடியில் கிடப்பேன். "முட்டுக்கட்டை உள்ள கெடக்கு, ஏத்திட்டுப் போயிருவமா?" என்று என் காதில் விழும்படி பேசுவார்கள். முதல் சில மாதம் யாரும் என்னோடு டீ குடிக்கவில்லை.

ஆனால் வண்டிக்கு அடியில் எனக்கு ஒன்று கிடைத்தது. டிரம்மில் கையை வைத்து, லைனிங்கைத் தடவி, அதைப் பிடித்திருக்கிற ஆணித்தலை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, எண்ணெய் கசிகிறதா என்று பார்த்து, எல்லாம் சரி என்று ஆனபிறகு, இன்னொரு தடவை முதலிலிருந்து பார்க்கலாம். யாரும் தாளை உருவ முடியாது. இங்கே மணி அடிக்கவேண்டியவன் நான். கிரீஸும் சேறும் முகத்தில் சொட்ட, மல்லாந்து கிடந்து, அது புரிந்த காலையில் கொஞ்சநேரம் அப்படியே கிடந்தேன். ஏதாவது உடைந்திருக்கிறதா என்று வெளியேயிருந்து குனிந்து கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் உடைந்திருக்கவில்லை.

மாமனார் சொன்ன சொல் தவறவில்லை. ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் மகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு, ஒரு மூட்டை அரிசியோடு, மச்சான் வண்டியிலேயே வந்து இறங்கினார். ஷெட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்று பிடித்திருந்தேன். அதை அவர் சுற்றிப் பார்த்தார். கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். "தாழ்ப்பாள் லேசா ஆடுதே மாப்ளே" என்றார். என்னிடம் பழகி அவருக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது போலிருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அங்கேயே கழிந்தது. முதலாளி மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். மிஸ்திரி என்னோடு டீ குடிக்கிறவனாகி, பிறகு சொந்தப் பட்டறை வைத்துப் போய்விட்டான். என் முதுகு நிமிர மறுக்கிற அளவுக்கு வளைந்துவிட்டது. பிடித்த வேலை கிடைத்தால் மனசு லேசாகிவிடும் என்று சொல்கிறார்கள். எனக்கு லேசாகவில்லை. அலைந்துகொண்டிருந்த கவலைக்கு உட்கார ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். நான் போலாம் சொன்ன வண்டி எதுவும் மலையில் உருளவில்லை. அது என்னால்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. சொல்லிவிட்டால் மறுநாள் என்ன ஆகுமோ.

காலையில் போலாம் என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் நான் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. வண்டி திரும்பி வரவேண்டும். மழை நாளில் வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெருமாள்மலைப் பக்கம் மஞ்சு மூடியிருந்தால் மனைவி என்னிடம் பேச்சே கொடுக்கமாட்டாள். தட்டை வைத்துவிட்டு, "வண்டி வந்ததும் தின்னுங்க" என்று போய்விடுவாள்.

மச்சான் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. தன் வண்டிக்குத் தங்கச்சி புருசனிடம் போலாம் வாங்கவேண்டியதாயிற்றே என்ற கடுப்பு ரொம்ப நாள் இருந்தது. காலையில் மலையேறுமுன் ஷெட்டில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படி, "மாப்பிள்ளைவாள், உத்தரவு உண்டுங்களா?" என்பார். வருஷம் போகப்போகச் சத்தம் குறைந்தது. கடைசிக் காலத்தில் வெறுமனே, "பாத்துட்டீங்களா மாப்ளே?" என்று மட்டும் கேட்பார். ஷெட்டில் வைத்தே மாப்ளே. எப்போது மாறியது என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

அப்போதெல்லாம் எங்கள் கம்பெனி வண்டிகளில் கடைசியாக மலையிறங்குவது அவருடையதுதான். ஊருக்குள் நுழைகிற ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது, எதிரே வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஹாரனை நீளமாக ஒரு தடவை அடிப்பார். ஆரம்பத்தில் அது எனக்குப் பண்ணுகிற கேலி. வந்துட்டேன்லே முட்டுக்கட்டை, போய்ச் சோத்தத் தின்னு என்று அர்த்தம். நானும் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டேன். என் மகளுக்கு அந்தக் கேலியெல்லாம் தெரியாது. ஹாரன் கேட்டதும் அவள் உள்ளே ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துவருவாள். நான் எழுந்து கை கழுவுவேன்.